தூக்கணாங்குருவிக்கு நாணலும் வேண்டும்: ஈரநிலப் பாடும் பறவைகள் ஓசையின்றிக் குறைவது ஏன்?

ஸ்ரீரங்கப்பட்டணம்: காவிரி ஆறு இரு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் கூடும் இடத்தில் அமைந்த தீவு நகரம் ஸ்ரீரங்கப்பட்டணம். திருச்சி ஸ்ரீரங்கத்தை 'அந்திய ரங்கம்' என்று வழங்கும் வைணவ மரபு, கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் மைசூருவை ஒட்டியுள்ள இந்த ஊரை 'ஆதி ரங்கம்' என்று போற்றுகிறது. இதன் அருகிலுள்ள ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்துக்குச் செல்வோரின் கண்கள் செங்கால் நாரைகளையும் கூழைக்கடாக்களையும் தேடுகின்றன. ஆனால், ஆற்றோரத்து நாணலிலும் வாய்க்கால் கரையின் ஈச்ச மரங்களிலும் கூடு பின்னும் சிட்டுக்குருவி அளவிலான ஒரு பறவையை நின்று கவனிப்போர் குறைவு. அது தூக்கணாங்குருவி.

தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் கதைகளில் அறிந்த பறவை இது. மழையில் நனைந்த குரங்குக்கு அறிவுரை கூறப் போய்த் தன் கூட்டை இழந்த குருவி என்றால் உடனே நினைவுக்கு வரும். நாம் வழக்கமாகக் காணும் தூக்கணாங்குருவிக்கு இந்திய அளவில் தற்போது பெரிய ஆபத்து இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றோர் இனமோ, வட இந்தியாவின் ஈரப் புல்வெளிகளில் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. ஒன்று தாக்குப்பிடிக்க, மற்றொன்று சரிந்தது எதனால்? இந்தக் கேள்விக்கான விடை, நாணலும் கோரையும் சம்பும் வளரும் ஈரக் கரைகளை நாம் எவ்வாறு மதிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

பாடும் பறவை என்பது எது?

குரல் கொடுக்கும் பறவைகள் எல்லாவற்றையும் அறிவியல் 'பாடும் பறவை' என்று அழைப்பதில்லை. மூச்சுக்குழாயின் அடிப்பகுதியில் உள்ள குரலுறுப்பை இயக்கும் நுண்தசைகள் நன்கு வளர்ச்சி பெற்ற ஒரு பெரும் பிரிவுக்கே அந்தப் பெயர். குயில் இனிமையாகக் கூவினாலும் இந்தப் பிரிவில் சேராது. கரகரப்பாகக் கத்தும் காகம் சேரும். சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, தேன்சிட்டு, வாலாட்டி, கதிர்க்குருவி, தூக்கணாங்குருவி ஆகியவை இதில் அடங்குவன.

ஈரநிலப் பறவை என்றவுடன் நாரை, கொக்கு, வாத்து ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. நீருக்குள் நடந்தோ நீந்தியோ இரை தேடாவிட்டாலும், நீரோரத் தாவரங்களைச் சார்ந்தே வாழும் பாடும் பறவைகள் பல உள்ளன. உடல் சிறியது, மறைந்து வாழ்வது, கூட்டமாக வானத்தை நிறைத்துக் காட்சி தருவதும் இல்லை. ஆகவே, இவை குறையும்போது அந்த இழப்பு எளிதில் கண்ணில் படுவதில்லை.

நான்கு இனங்கள், நான்கு வகைத் தேவைகள்

இந்தியாவில் நான்கு வகைத் தூக்கணாங்குருவிகள் உள்ளன. முதலாவது, நாடு முழுவதும் பரவியிருக்கும் சாதாரணத் தூக்கணாங்குருவி. பனை, ஈச்சம், தென்னை, கருவேலம் போன்ற மரங்களிலும், கிணறுகளின் மீது சாய்ந்த கிளைகளிலும் சுரைக்குடுக்கை வடிவில் தொங்கும் கூடுகள் இதனுடையவை.

இரண்டாவது, மார்பில் கரிய கீற்றுகள் கொண்ட கீற்றுத் தூக்கணாங்குருவி. மைசூரு, மண்டியா பகுதி உள்பட, தென்னிந்தியாவின் ஏரிகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் இதைக் காணலாம். இது பெரும்பாலும் மரத்தை நாடுவதில்லை. நீருக்குள் நிற்கும் சம்பு, நாணல் ஆகியவற்றின் தாள்களை வளைத்து ஒன்றாகக் கட்டி, அவற்றின் நடுவே கூட்டைப் பின்னுகிறது. நீர்மட்டத்துக்குச் சற்று உயரத்திலேயே கூடு இருக்கும். பாம்பும் பூனையும் எளிதில் வர முடியாதபடி, சுற்றியுள்ள நீரே அதற்கு அகழி.

மூன்றாவது, கருமார்புத் தூக்கணாங்குருவி. வடக்கிலும் வடகிழக்கிலும் ஆற்றுச் சமவெளிகளின் உயர்ந்த புற்களில் இது கூடு கட்டுகிறது. நான்காவது, ஃபின் தூக்கணாங்குருவி. இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியிலும் அசாம் சமவெளியிலும் மட்டுமே இது வாழ்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவையின் தலையும் உடலின் அடிப்பகுதியும் பொன்மஞ்சளாக மின்னும்.

ஈரநிலம் சுருங்கினாலும் சாதாரணத் தூக்கணாங்குருவி ஒரு பனை மரத்திலோ மின்கம்பியிலோ கூடு கட்டிச் சமாளித்துக்கொள்ளும். நாணலையும் ஈரப் புல்லையும் மட்டுமே நம்பிய இனங்களுக்கு அந்த மாற்று வழி குறைவு. இந்தப் பறவைகளின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த வேறுபாடே.

சலீம் அலி கண்ட உண்மை

தூக்கணாங்குருவியின் வாழ்க்கையை உலகுக்கு முறையாக எடுத்துரைத்தவர் பறவையியல் அறிஞர் சலீம் அலி. 1930-ஆம் ஆண்டு வேலையின்றி இருந்த காலத்தில், மும்பைக்குத் தெற்கே கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் தங்கியிருந்த அவர், வீட்டருகே கூடு கட்டிய குருவிகளை நாள்தோறும் கவனித்தார். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் 1931-இல் வெளியான அந்தக் கட்டுரை, அவரைப் பறவையியலாளராக நிலைநிறுத்திய படைப்புகளில் ஒன்று.

அதுவரை ஆணும் பெண்ணும் சேர்ந்து கூடு கட்டுவதாகவே பலரும் கருதினர். சலீம் அலி கண்டது வேறு. கூட்டைப் பின்னுவது ஆண். நெல், புல், பனை ஓலை ஆகியவற்றிலிருந்து நீண்ட இழைகளைக் கிழித்து வந்து, தலைக்கவசம் போன்ற பாதிக்கூடு உருவாகும் வரை அது உழைக்கிறது. அந்த நிலையில் பெண் பறவைகள் வந்து கூடுகளை உள்ளே புகுந்து சோதிக்கின்றன. பிடித்த கூட்டை ஒரு பெண் ஏற்றுக்கொண்ட பிறகே, ஆண் அதற்கு முட்டை அறையையும் நீண்ட நுழைவுக் குழாயையும் பின்னி முடிக்கிறது. பின்னர் அதே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி, அடுத்த துணையை அழைக்கிறது. அடைகாப்பது பெண்ணின் பொறுப்பு. ஏற்பார் இல்லாத பாதிக்கூடுகள் மரத்திலேயே கைவிடப்பட்டுத் தொங்கும்.

ஒரு கூட்டை முடிக்க ஆண் பறவை சுமார் 500 முறை இழை சுமந்து பறக்க வேண்டியிருக்கும். இரண்டரை வாரங்கள் வரை ஆகும். கூட்டின் உள்ளே ஈர மண்ணையும் அப்புகிறது. இந்த மண்ணில் மின்மினிப் பூச்சிகளை ஒட்டி விளக்கேற்றும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் உண்டு. அதற்கு அறிவியல் சான்று இல்லை. காற்றில் கூடு அதிகமாக ஆடாமல் இருக்க அந்த மண்ணின் எடை உதவுவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இந்த உழைப்புக்கு மூன்று பொருள்கள் அருகருகே தேவை. பசுமையான நீண்ட இழை, ஈர மண், குஞ்சுகளுக்குப் பூச்சி. தானியம் தின்னும் பறவையாக இருந்தாலும், குஞ்சுகளுக்கு வெட்டுக்கிளி, கம்பளிப்புழு போன்ற மென்மையான பூச்சிகளையே இது அதிகம் ஊட்டுகிறது. மூன்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் ஈரநிலத்தின் விளிம்பு. தென்மேற்குப் பருவமழை தொடங்கிப் புல் தழைக்கும் நேரத்தில் கூடு கட்டும் பருவம் அமைவதும் இதனால்தான்.

ரங்கனதிட்டு: காக்கப்பட்டது எது?

சலீம் அலிக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மைசூரு சமஸ்தானத்தின் பறவைகளை 1939-40 காலத்தில் ஆய்வு செய்த அவர், காவிரியின் நடுவே உள்ள சிறு தீவுகளில் நீர்ப்பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டுவதைக் கண்டு, அந்த இடத்தைப் பாதுகாக்குமாறு மன்னரிடம் வலியுறுத்தினார். அதன் பயனாக 1940-இல் ரங்கனதிட்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

அந்தத் தீவுகள் முற்றிலும் இயற்கையாகத் தோன்றியவை அல்ல. 1645 முதல் 1648 வரையிலான காலத்தில் மைசூரு அரசர் கண்டீரவ நரசராஜ உடையார் காவிரியின் குறுக்கே எழுப்பிய அணைக்கட்டின் விளைவாகத் தேங்கிய நீரில் உருவானவை அவை. பாசனத்துக்காக மனிதன் கட்டிய அமைப்பு, பறவைகளுக்கு வாழிடமாக மாறியதற்கு ரங்கனதிட்டு சிறந்த எடுத்துக்காட்டு.

2022 ஆகஸ்ட் 3-ஆம் தேதி மத்திய அரசு அறிவித்த 10 புதிய ராம்சர் ஈரநிலங்களில் ரங்கனதிட்டும் ஒன்று. வேடந்தாங்கல், வெள்ளோடு, கூந்தன்குளம் உள்ளிட்ட தமிழ்நாட்டின் 6 இடங்களும் அதே பட்டியலில் இடம்பெற்றிருந்தன. ரங்கனதிட்டில் 225-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள், 188 தாவர இனங்கள், 69 மீன் இனங்கள் உள்ளதாக அப்போது தெரிவிக்கப்பட்டது. சதுப்புநில முதலை, நீர்நாய், அழிவின் விளிம்பில் உள்ள காவிரியின் கூன்முதுகு மஹசீர் மீன் ஆகியவற்றுக்கும் இது முக்கிய வாழிடம்.

இந்தப் பாதுகாப்பின் மையம் தீவுகளும், அவற்றில் கூடு கட்டும் பெரிய நீர்ப்பறவைகளும். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் ஈரநிலமோ அத்துடன் முடிந்துவிடுவதில்லை. நூற்றாண்டுகள் பழமையான விரிஜா, சிக்கதேவராஜசாகரம் போன்ற பாசனக் கால்வாய்கள், அவற்றின் கசிவு நீர் தேங்கும் பள்ளங்கள், நெல் வயல்கள், கரும்புத் தோட்டங்களின் ஓரங்கள், கிராமத்து ஏரிகள் என அது பரந்து கிடக்கிறது. தூக்கணாங்குருவியின் வாழ்க்கை பெரும்பாலும் இந்தச் சரணாலய எல்லைக்கு வெளியே நடக்கிறது. அங்கே நாணலுக்குக் காவலர் இல்லை.

ஆற்றோர நாணலுக்கு வேறோர் இடரும் உண்டு. மேலே கிருஷ்ணராஜசாகர் அணை நிரம்பி உபரி நீர் திறக்கப்படும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள், கூடு கட்டும் பருவத்துடன் ஒன்றிவருகின்றன. 2018, 2019 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளத்தில் ரங்கனதிட்டின் தீவுகளே நீரில் மூழ்கின. நீர்மட்டத்துக்கு ஓரிரு அடி உயரத்தில் நாணலில் தொங்கும் கூடுகள் அத்தகைய வெள்ளத்தில் தப்பிப்பது கடினம். ஆற்றங்கரையில் இழந்ததை அருகிலுள்ள ஏரியில் மீண்டும் கட்டிக்கொள்ள நாணல் இருந்தால் மட்டுமே பறவைக்கு மறுவாய்ப்பு.

தராயில் நேர்ந்தது என்ன?

மறுவாய்ப்பு இல்லாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு ஃபின் தூக்கணாங்குருவியின் வரலாறே சான்று. ஆங்கிலேய அதிகாரியும் பறவையியலாளருமான ஆலன் ஆக்டேவியன் ஹியூம், நைனிதால் அருகே காலாடுங்கியில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1869-இல் இந்த இனத்தை விவரித்தார். இந்திய தேசிய காங்கிரஸ் உருவாகக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான் இவர். பின்னர், கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஃபிராங்க் ஃபின்னின் பெயரால் இந்தப் பறவை அழைக்கப்பட்டது.

பல ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாதிருந்த இதை, 1934-இல் குமாவுன் தராயில் மீண்டும் கண்டறிந்தவரும் சலீம் அலியே. அவருடைய மாணவர் வி.சி.அம்பேத்கர் பின்னர் இதன் கூடு கட்டும் முறையை விரிவாக ஆய்வு செய்தார். அந்த ஆய்வுகளின்படி, நீர் அருகே உள்ள உயரமான மரங்களின் உச்சியிலும், சதுப்பில் வளரும் நாணலிலும் இது கூட்டமாகக் கூடு கட்டுகிறது. மரத்தில் கட்டும்போது, கூட்டைச் சுற்றியுள்ள இலைகளைக் கொத்தி உதிர்த்துவிடும் வழக்கம் இதற்கு உண்டு. உணவுக்கும் இழைக்கும் சுற்றிலும் ஈரப் புல்வெளி வேண்டும்.

தராய் என்பது இமயத்திலிருந்து இறங்கும் நீர் ஊறி நிற்கும் சமவெளி. ஒரு காலத்தில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த புல்லும் சதுப்பும் நிறைந்த நிலம். விடுதலைக்குப் பிறகு மலேரியா கட்டுப்படுத்தப்பட்டு, குடியேற்றம் பெருகியதும், சதுப்புகள் வடிக்கப்பட்டுக் கரும்பும் நெல்லும் பயிரிடப்பட்டன. எஞ்சிய புல் ஆண்டுதோறும் வெட்டப்பட்டது, எரிக்கப்பட்டது. கூடு மரங்கள் தனித்து நின்றதால் காகங்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் கவர்வது எளிதாயிற்று. பறவைச் சந்தைகளுக்காகப் பிடிக்கப்பட்டதும் இழப்பைக் கூட்டியது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021-இல் இந்தப் பறவையை 'அழியும் நிலையில் உள்ளது' என்ற வகைக்கு உயர்த்தியது. ஒரு பெரும் விபத்தாலோ கொள்ளை நோயாலோ இந்த நிலை வரவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் சில ஏக்கர் புல் உழப்பட்டது. சில பள்ளங்கள் மூடப்பட்டன. அவை ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தால் சிறிய மாற்றங்களே.

எண்கள் கூறுவது என்ன?

இந்தியாவின் பல ஆய்வு நிறுவனங்களும் பாதுகாப்பு அமைப்புகளும் இணைந்து வெளியிட்ட 'இந்தியப் பறவைகளின் நிலை 2023' அறிக்கை, 942 இனங்களை மதிப்பிட்டது. சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிவேற்றிய 3 கோடி பதிவுகள் இதற்கு அடிப்படை. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துள்ளன. அண்மைக்காலப் போக்கைக் கணிக்க முடிந்த 359 இனங்களில் 39 விழுக்காடு குறைந்துவருகின்றன. 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்று அறிக்கை கூறியது.

குறிப்பிட்ட ஒரு வாழிடத்தை மட்டுமே சார்ந்த பறவைகள், எங்கும் வாழக்கூடிய பறவைகளைவிட விரைவாகக் குறைகின்றன என்பது இந்த அறிக்கையின் முக்கிய முடிவு. மயிலும் குயிலும் பெருகியுள்ளன. சாதாரணத் தூக்கணாங்குருவி ஏறத்தாழ நிலையாக உள்ளது. புல்வெளி, ஈரநிலம் ஆகியவற்றை நம்பிய இனங்கள் சரிவில் உள்ளன. தூக்கணாங்குருவிக் குடும்பத்துக்குள் நாம் கண்ட வேறுபாடு, நாட்டின் பறவை உலகம் முழுவதற்கும் பொருந்துகிறது.

கணக்கெடுப்பிலும் ஓர் இடைவெளி உண்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடைபெறுகிறது. வலசை வரும் வாத்துகளையும் கரைப்பறவைகளையும் எண்ண அதுவே பொருத்தமான காலம். ஆனால், அப்போது ஆண் தூக்கணாங்குருவிகள் தம் மஞ்சள் நிறத்தை இழந்து, பெண்களைப் போலவும் சிட்டுக்குருவியைப் போலவும் பழுப்பாகிவிடுகின்றன. எந்த இனம் என்று பிரித்தறிவது தேர்ந்த பார்வையாளருக்கும் கடினம். மழைக்காலத்தில் தனியாகச் சென்று பார்த்தால் மட்டுமே நாணலில் எத்தனை கூடுகள் உள்ளன என்பது தெரியவரும்.

நாணல் ஏன் மறைகிறது?

நாணலும் சம்பும் அடர்ந்த ஏரிக்கரையைப் 'புதர் மண்டிய' ஏரி என்று குறிப்பிடுவது நம் வழக்கம். ஏரியைச் சீரமைப்பது என்றால் கரையைச் சுற்றிலும் வழித்தெடுத்து, கல் பதித்து, நடைபாதை அமைப்பது என்றே பல இடங்களில் பொருள் கொள்ளப்படுகிறது. கல் பதித்த கரையில் நீர் செங்குத்தாக ஆழமாகிவிடும். ஆழம் குறைந்த ஈரச் சரிவு இல்லாத இடத்தில் நாணல் வேரூன்றாது.

பாசனக் கால்வாய்களுக்குச் சிமென்ட் பூசுவது நீர் விரயத்தைக் குறைக்கிறது. கடைமடை விவசாயிக்கு அது தேவையான பணி என்பதில் ஐயமில்லை. அதே நேரத்தில், கசிவு நீரில் உருவான பள்ளங்களும் அவற்றின் கோரையும் வறண்டுபோகின்றன. கழிவுநீர் கலக்கும் ஏரிகளில் ஆகாயத்தாமரை பரவி நாட்டுத் தாவரங்களை நெருக்குகிறது. வயல்களில் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லி, குஞ்சுகளுக்கான இரையைக் குறைக்கிறது. கோடையில் காய்ந்த நாணலுக்குத் தீ வைப்பது, அடுத்த பருவத்துக் கூடுகளின் இடத்தைப் பறிக்கிறது. தமிழ்நாட்டில் பனை மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டதும் இதே வரிசையில் சேரும்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நாணலும் சம்பும் எல்லையின்றிப் பரவினால் திறந்த நீர்ப்பரப்பு மூடப்படும், கொள்ளளவு குறையும், வாத்துகளுக்கும் மீன்களுக்கும் அது கேடு. ஆகவே, அவற்றை அவ்வப்போது அகற்ற வேண்டியது அவசியம். எவ்வளவு, எப்போது, எந்தப் பகுதியில் என்பதே கேள்வி. முழுவதையும் ஒரே பருவத்தில் அகற்றினால் பறவைக்குப் போக்கிடம் இல்லை.

நாணலின் பயன் பறவையுடன் முடிவதில்லை. அதன் வேர்கள் கரையை அரிப்பிலிருந்து காக்கின்றன. வயலிலிருந்து வழிந்துவரும் உரச்சத்தை உறிஞ்சி நீரைத் தெளிவாக்குகின்றன. மீன் குஞ்சுகளும் தவளைகளும் அதன் நிழலில்தான் வளர்கின்றன.

சட்டம் எங்கே நிற்கிறது?

ராம்சர் உடன்படிக்கை 1971-இல் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் உருவானது. இந்தியா 1982-இல் இணைந்தது. இயற்கையானதோ மனிதன் உருவாக்கியதோ, நிலையான நீரோ ஓடும் நீரோ, சதுப்பு, ஏரி, நெல் வயல் உள்பட அனைத்தையும் ஈரநிலம் என்று கருதும் பரந்த பார்வை அதனுடையது.

மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநிலங்கள் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகள் அந்த வரையறையைச் சுருக்கின. ஆற்றுப் படுகைகள், நெல் வயல்கள், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் சிறப்பாகக் கட்டப்பட்ட நீர்நிலைகள் ஆகியவை விலக்கப்பட்டன. ஆறு, கால்வாய், வயல், பாசன ஏரி ஆகியவற்றாலேயே ஆன ஸ்ரீரங்கப்பட்டணம் போன்ற நிலப்பரப்புக்கு இந்த விலக்கு மிகவும் முக்கியமானது. காவிரிப் படுகையின் தமிழ்நாட்டுப் பகுதிக்கும் அது பொருந்தும்.

மற்றொரு புறம், 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் உத்தரவிட்டது. செயற்கைக்கோள் படங்களின் உதவியுடன் அடையாளம் காணப்பட்ட நிலங்கள் அவை. ஆயினும், வாய்க்கால் ஓரத்தில் கால் ஏக்கர் அளவில் நிற்கும் நாணல் திட்டு அத்தகைய பட்டியல்களில் இடம்பெறாது. தூக்கணாங்குருவியின் ஒரு குடியிருப்புக்கு அந்தக் கால் ஏக்கரே போதுமானது.

உலகம் கற்ற இரு பாடங்கள்

மஞ்சள் மார்புக் கோதுமைக்குருவி ஒரு காலத்தில் பின்லாந்து முதல் ஜப்பான் வரை ஈரப் புல்வெளிகளில் கோடிக்கணக்கில் வாழ்ந்த பாடும் பறவை. குளிர்காலத்தில் வடகிழக்கு இந்தியாவுக்கும் வரும். வலசைப் பாதையில், குறிப்பாகச் சீனாவில், உணவுக்காகப் பெருமளவில் வலைவீசிப் பிடிக்கப்பட்டதால், 1980 முதல் 2013 வரை அதன் எண்ணிக்கை 84 முதல் 95 விழுக்காடு வரை சரிந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். 2017-இல் அது 'மிகவும் அழியும் ஆபத்தில்' உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. ஏராளமாக இருப்பது ஒரு பறவைக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது என்பது முதல் பாடம்.

இரண்டாவது, நம்பிக்கை தரும் பாடம். ஐரோப்பாவின் கோரைச் சதுப்புகளில் வாழும் நீர்க் கதிர்க்குருவி, சதுப்புகள் வடிக்கப்பட்டதால் பல நாடுகளில் மறைந்தது. எஞ்சிய சதுப்புகளும் கைவிடப்பட்டபோது புதரும் மரமும் ஏறி வாழிடத்தைக் கெடுத்தன. போலந்தின் பியெப்ஷா சதுப்பில் கூடு கட்டும் பருவம் முடிந்த பிறகு கோரையைப் பகுதி பகுதியாக அறுக்கும் முறை கொண்டுவரப்பட்டது. அதற்கு விவசாயிகளுக்கு ஊக்கத்தொகையும் வழங்கப்பட்டது. 2018-இல் பெலாரஸிலிருந்து 50 குஞ்சுகள் லிதுவேனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வளர்த்து விடுவிக்கப்பட்டன. ஆப்பிரிக்காவுக்கு வலசை சென்ற அவற்றில் சில, மறு ஆண்டு அதே சதுப்புக்குத் திரும்பின.

என்ன செய்யலாம்?

இதற்குப் புதிய சரணாலயமோ பெரும் செலவோ முன்நிபந்தனை அல்ல. ஏரி தூர்வாரும்போது கரை முழுவதையும் வழித்தெடுக்காமல், ஒரு பகுதி நாணலையாவது விட்டுவைக்கலாம். அகற்றும் பணியை ஆண்டுக்கு ஒரு பகுதியாகச் சுழற்சி முறையில் செய்யலாம். கூடு கட்டும் மழைக்கால மாதங்களில் நாணலை வெட்டுவதையும், கோடையில் எரிப்பதையும் தவிர்க்கலாம். கல் பதித்த கரைகளில் ஒரு பக்கமேனும் மண் சரிவாக விடப்பட்டால் தாவரங்கள் தாமாகவே திரும்பும்.

விவசாயிகள் வரப்போரத்துப் பனையையும் ஈச்சையையும் காப்பது பெரிய உதவி. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது இந்தத் திசையில் ஒரு படி. கதிர் முற்றும் காலத்தில் குருவி தானியம் தின்பது உண்மை. அதற்கு முன்பு குஞ்சு வளர்க்கும் வாரங்களில் அதே வயலில் பூச்சிகளைப் பிடிப்பதும் உண்மை.

பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. பழைய கூடுகளை வீட்டு அலங்காரத்துக்காக எடுத்துச் செல்லும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. வெறுமையாகத் தெரியும் கூட்டிலும் சில்லைகள் குடியேறி முட்டையிடுவது உண்டு. மழைக்காலத்தில் கண்ட கூடுகளின் எண்ணிக்கை, அவை மரத்தில் இருந்தனவா நாணலில் இருந்தனவா என்ற விவரத்துடன் இ-பேர்ட் போன்ற தளங்களில் பதிவேற்றினால், ஜனவரிக் கணக்கெடுப்பு விட்டுவிடும் இடைவெளி நிரம்பும். 2023-ஆம் ஆண்டு அறிக்கை உருவானதே அத்தகைய பதிவுகளால்தான்.

ரங்கனதிட்டைக் காப்பாற்ற 1940-இல் ஒரு பறவையியலாளரின் பரிந்துரையும் ஓர் அரசின் ஒப்புதலும் போதுமானவையாக இருந்தன. அங்கே காக்க வேண்டிய தீவுகள் கண்முன்னே இருந்தன. ஓர் ஏரியின் மூலையிலும் வாய்க்காலின் வளைவிலும் சிதறிக் கிடக்கும் நாணலை அவ்வாறு ஒரே ஆணையால் காக்க இயலாது. ஊராட்சி, நீர்வளத் துறை, விவசாயி, ஏரிக்கரையில் நடைபயிலும் நகரவாசி ஆகியோர் எடுக்கும் சிறு சிறு முடிவுகளே அதைத் தீர்மானிக்கின்றன. தராய்ப் புல்வெளி அத்தகைய சிறு முடிவுகளால்தான் மறைந்தது. காவிரிக் கரையில் நாணல் இன்னும் எஞ்சியிருக்கிறது.